கிணறும் ஐந்து பிள்ளைகளும்

மட்டக்களப்பிலிருந்து ஒரு தாயார் எமக்கு எழுதிய கடிதம் இரண்டு வாரங்களாக எமது மேசைமீது கிடக்கின்றது. அவருடைய மகனுக்கு வயது பன்னிரண்டு. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்தவன், கணக்கிற் கெட்டிக்காரன். ஆயினும், வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அறைக்குள் ஓடிவிடுகின்றானாம். வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்கின்றானாம். நாலு பிள்ளைகளைச் சேர்த்து ஓர் ஒப்படை கொடுத்தாலோ, முழுவதையும் தானே செய்து, மற்றவர்களின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுகின்றானாம். “வருகிற தவணையிற் பேச்சுப் போட்டி நடக்க இருக்கின்றது. தாங்கள் ஆசிரியராக இருந்தவர். ஐந்து நிமிடத்துக்கு நல்ல பேச்சு ஒன்று எழுதித் தந்தால், அவனைப் பாடமாக்கச் செய்து மேடையேற்றிவிடுவேன். கூச்சம் தெளிந்துவிடும்” என்று அத் தாயார் கேட்டிருக்கின்றார்.

கேட்டது சிறிய உதவி. எமக்கு அரைமணி நேர வேலை. எவ்வளவு எளிதாகச் செய்யலாமென்பது நன்றாகத் தெரிந்தமையினாலேதான் பதில் எழுதக் கை ஓடவில்லை.

நாம் முப்பத்தொரு வருடம் தமிழ் படிப்பித்தவர். அக்காலத்தில் நாம் எழுதிக் கொடுத்த பேச்சுக்கள் எத்தனையென்று கணக்கில்லை. வாய்மை, நன்றியறிதல், தாய்மொழி, மரம் வளர்ப்போம் என்று எல்லாத் தலைப்புக்கும் எம்மிடம் சரக்கு இருந்தது. எங்கே குரலை உயர்த்துவது, எங்கே கையை நீட்டுவது என்பதைக்கூடச் சிவப்பு மையாற் குறித்துக் கொடுப்போம். பிள்ளைகள் கேடயங்களோடு திரும்பி வருவார்கள். ஒருமுறை, கோட்ட மட்டப் போட்டியில், எமது மாணவன் ஒருவன் நடுவழியில் வரியை மறந்து நின்றுவிட்டான். நடுவராயிருந்த பெரியவர் இரக்கமுள்ளவர். “பரவாயில்லை, தம்பி. உமக்குத் தோன்றுவதைச் சொல்லும்” என்றார். அவன் எம்மைப் பார்த்தான், சபையைப் பார்த்தான், பின்னர் மிகவும் பணிவாக, “அது ரீச்சர் எழுதித் தரேல்லை, சேர்” என்றான். சபை கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தோம். சிரித்துவிட்டு அடுத்த வருடமும் பேச்சு எழுதினோம்.

அந்தச் சிரிப்பின் கணக்கைத் தீர்த்துவைத்தவள் எமது பேத்தி.

பேத்தி வலிகாமத்துப் பாடசாலையொன்றில் எட்டாந் தரம் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்து பெண்பிள்ளைகளை ஒரு குழுவாக்கி, ‘எமது ஊர்க் கிணறுகள்’ என்னும் பொருளிற் செயற்றிட்டம் செய்யுமாறு வகுப்பாசிரியை பணித்திருந்தார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கிணறே கதி. ஆதலாற் பொருள் பொருத்தமானதே. பேத்தி கொப்பியுங் கையுமாய் வந்து, “அம்மம்மா, இதுக்கு என்ன எழுதுறது?” என்று கேட்டாள். அவள் கேட்டது ஒரு கேள்வி. நாம் கொடுத்ததோ பதினாறு பக்கம். மூன்று மாலைப்பொழுதுகளிற் சொல்லச் சொல்ல எழுதுவித்தோம். துலாவும் பட்டையும் வைத்து இறைத்த காலம், நீரிறைக்கும் யந்திரங்கள் வந்த காலம், மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கும் விந்தை எனக் கட்டுரை தேரோட்டம்போல் நடந்தது. மற்ற நால்வரும் என்ன செய்தனர் என்று கேட்பீர்கள். ஒருத்தி கையெழுத்து அழகென்று படியெடுத்தாள். ஒருத்தி படம் கீறினாள். ஒருத்தி பிரிஸ்டல் போட் வாங்கி வந்தாள். எப்பொழுதும் வாய்திறவாத ஐந்தாமவளிடம் தாள்களைத் துளைத்து நூல் கோக்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

ஆசிரியை அதனை வாசித்தார், புகழவில்லை. ஐவரையும் முன்னே அழைத்து, “நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் கீழே போகாமல் மேலே நிற்கின்றது?” என்று கேட்டார். பேத்தி விழித்தாள். உப்பு நீர் கனமானது என்பது அவளுக்குத் தெரியாததன்று. கடலிலே குளிக்கும்போது உடம்பு இலகுவாய் மிதப்பதை அவளே எம்மிடம் வியந்து சொல்லியிருக்கின்றாள். ஆனால் அந்தக் கடலையும் இந்தக் கட்டுரையையும் சேர்த்து நினைக்க அவளுக்கு நாம் இடம் கொடுக்கவில்லை. அடுத்ததாக, “சரி, உங்கள் வீட்டுக் கிணறு எவ்வளவு ஆழம்?” என்று ஆசிரியை வினவினார். நால்வரும் பேசாது நின்றனர். அப்பொழுது நூல் கோத்த பிள்ளை, காதிற் கேட்பதும் கேளாததுமாக, “ஐஞ்சு பாகம், ரீச்சர். கோடையிலை ஒரு பாகந்தான் தண்ணி நிக்கும்” என்றாள். அவளுடைய தகப்பனார் கிணறு இறைத்துச் சேறு அள்ளும் தொழிலாளி. ஊரிலே அவர் இறங்காத கிணறு இல்லை. தகப்பன் கயிறு போட்டு அளக்கும்போது பக்கத்தில் நின்று எண்ணியவள் அவள். கிணற்றை அறிந்த பிள்ளை குழுவில் ஒருத்தியே. அவளிடந்தான் ஊசியும் நூலும் கொடுத்திருந்தார்கள்.

அன்று பின்னேரம் பேத்தி அழுதுகொண்டு வந்தாள். “உன்ரை அம்மம்மாவாலைதான் எங்களுக்கும் வெக்கம்” என்று இருவர் அவளோடு கதையை விட்டுவிட்டார்களாம். கொப்பி புள்ளியில்லாமல் திரும்பி வந்திருந்தது. இன்னும் இரண்டு கிழமை தவணை. கடைசிப் பக்கத்திற் சிவப்பு மையாலே, ‘வீட்டிலுள்ளோர் எழுதிக் கொடுக்கவேண்டாம்’ என்று ஒரு வரி. எழுதியவர் எம்மிலும் முப்பது வயது இளையவர். அன்றிரவு எமக்கு உணவு செல்லவில்லை என்பதை மறைப்பானேன்? முதலிற் கோபம் வந்தது. விடியற்புறமாகத்தான் அந்தச் சிவப்பு மை எங்கே பார்த்த மையென்று நினைவுக்கு வந்தது.

அவ்வாசிரியை வகுத்துக் கொடுத்த புதிய ஒழுங்கு இதுதான். கிணற்றுப் பொருளை ஐந்தாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தார். கிணற்றின் ஆழமும் கட்டும் ஒருத்திக்கு. முதியோரின் நினைவுகள் ஒருத்திக்கு. தோட்ட இறைப்பும் உரமும் ஒருத்திக்கு. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாய் நிற்கும் நிலாவரைக் கிணறு ஒருத்திக்கு. ஊர்ப்படமும் கிணறுகளின் இடமும் ஒருத்திக்கு. ஆழத்தைப் பெற்றவள் அந்த ஐந்தாம் பிள்ளை. முதியோர் பகுதி பேத்திக்கு. இத்தோடு ஒரு நிபந்தனையும் உண்டு. ஒருத்தியின் பகுதியிற் கேட்கப்படும் கேள்விக்கு அவள் விடை சொல்லலாகாது. சீட்டுக் குலுக்கி, பெயர் விழும் வேறொருத்தியே சொல்லவேண்டும். ஆகவே ஒவ்வொருத்தியும் தான் அறிந்ததை மற்ற நால்வருக்கும் விளங்கவைத்தே தீரவேண்டும். மற்ற நால்வரும் அவளைக் கேட்டே தீரவேண்டும்.

நிற்க. இதற்கு ஒத்ததோர் ஏற்பாட்டின் வரலாறு ஒன்றை நாம் பின்னர் தேடி வாசித்தோம். அது நடந்தது எமது நாட்டிலன்று. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரில், 1971ஆம் ஆண்டில். வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனிப் பாடசாலைகளிற் படிப்பது அரசியலமைப்புக்கு முரணென 1954இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஒஸ்டினில் அத் தீர்ப்பு வகுப்பறைக்குள் வந்துசேர நெடுங்காலமாயிற்று. வெள்ளைப் பிள்ளைகளும், கறுப்புப் பிள்ளைகளும், மெக்சிக்க வழிவந்த பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் வந்தபோது அடிதடியும் வந்தது. கல்வி அதிகாரிகள் அங்குள்ள பல்கலைக்கழகத்துச் சமூக உளவியலாளர் எலியட் அரன்சனின் உதவியை நாடினார்கள். சிறுவயதில், யூதக் குடும்பத்துப் பிள்ளையென்ற காரணத்தால், எபிரேயப் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில் அயற்பையன்களிடம் அடிவாங்கியவர் அவர்.

அரன்சனும் அவருடைய மாணவரும் வகுப்புக்களின் பின்வரிசையில் அமர்ந்து சில நாள் பார்த்திருந்தனர். கண்டது எமக்கும் பழக்கமான காட்சியே. ஆசிரியர் கேள்வி கேட்கின்றார். ஆறேழு கைகள் உயர்கின்றன. ஒருவனை அழைத்தவுடன் மற்றவர்களின் முகம் வாடுகின்றது. அவன் பிழையாகச் சொன்னால் அவர்களுக்கு மகிழ்ச்சி. கைகள் மீண்டும் உயர்கின்றன. விடை தெரியாத பிள்ளைகளோ, ஆசிரியரின் பார்வை தம்மேல் விழாதிருக்க வேண்டுமென்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். நோய்க்கு மூலம் அங்கே தோன்றிய இனப்பகை மாத்திரமன்று, வகுப்பின் அமைப்பே அதற்கு எண்ணெய் ஊற்றுகின்றது என்று அரன்சன் கருதினார்.

ஆகவே பிள்ளைகளை ஐவர் அறுவராகப் பிரித்து, பாடத்தையும் அவ்வாறே துண்டாக்கினார்கள். எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையாரின் வாழ்க்கைச் சரிதம் பாடமென்றால், இளமைப் பருவம் ஒரு பிள்ளையிடம், மணவாழ்க்கை ஒரு பிள்ளையிடம் என்று ஆளுக்கொரு பகுதி. ஒரே பகுதியைப் பெற்ற வெவ்வேறு குழுப் பிள்ளைகள் முதலிற் கூடி அதனைத் தெளிந்து, எவ்வாறு சொல்வதென்று ஒத்திகையும் பார்த்துக்கொள்வர். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக் கொடுப்பர். முடிவிற் பரீட்சை முழுச் சரிதத்திலும் நடக்கும். துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் விளையாட்டின் பெயரே அம்முறைக்கும் வழங்கலாயிற்று.

அரன்சன் தமது எழுத்துக்களிற் கார்லோஸ் என்னும் புனைபெயராற் குறிக்கும் ஒரு பையன் இருக்கின்றான். வீட்டிலே பேசியது ஸ்பானிய மொழி. ஆங்கிலம் திக்கித் திக்கியே வரும். தன் பங்கைச் சொல்லமுடியாமல் அவன் தடுமாறியபோது குழுப் பிள்ளைகள் கேலிசெய்தார்கள். மேற்பார்வைக்கு நின்றவர் அவர்களைக் கண்டிக்கவில்லை; அன்பைப்பற்றிப் போதிக்கவும் இல்லை. கேலி செய்வதானாற் செய்யுங்கள். ஆனால் இவனிடமுள்ள பகுதியை அதனால் அறியமாட்டீர்கள். பரீட்சையோ சற்று நேரத்தில் வரப்போகின்றது என்ற பொருள்பட ஒரு வார்த்தை மாத்திரம் சொல்லிவிட்டு நகர்ந்தார். சில நாளிலே அப்பிள்ளைகள் கேலியை விட்டு, அவனிடமிருந்து விடயத்தை வெளிக்கொணரத்தக்க கேள்விகளைக் கேட்கப் பழகினார்கள். கேட்கக் கேட்க அவனுக்கும் பேச்சு வந்தது. எமது மனத்தைத் தைத்தது இப்பகுதியே. நாம் பேசப் பயிற்றினோம் பேசத் தெரிந்த பிள்ளைகளை. கேட்கத் தெரிந்த பிள்ளைகளை ஆக்கவேண்டும் என்ற எண்ணம் முப்பத்தொரு வருடத்தில் எமக்கு உதிக்கவேயில்லை.

இனிக் கிணற்றுக்கு வருவோம்.

முதல் இரண்டு நாளும் பேத்தி சினந்துகொண்டே வந்தாள். “அவள் ஒரு வசனம் சொல்லி முடிக்க ஒரு மணித்தியாலம் வேணும், அம்மம்மா!” என்றாள். “கெதியாச் சொல்லன்” என்று அதட்டியிருக்கின்றாள். அந்தப் பிள்ளை இருந்த சொல்லையும் விழுங்கிவிட்டது. மூன்றாம் நாள் சீட்டின் பயம் பிடித்துக்கொண்டது. ஆழத்தைப்பற்றிய கேள்விக்குத் தனது பெயர் விழுந்தால் என் செய்வது? அதன்மேற்றான், “பாகம் எண்டால் எவ்வளவு? அப்பா அதை எப்பிடி அளக்கிறவர்? கயிறு ஈரத்திலை நீளாதோ?” என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். ஐந்தாம் பிள்ளை இரு கைகளையும் அகல விரித்துக் காட்டினாளாம், இதுதான் ஒரு பாகமென்று. ஈரக் கயிற்றைப்பற்றிக் கேட்டதற்கு அவளுக்கே விடை தெரியவில்லை. வீட்டிற்போய்த் தகப்பனாரைக் கேட்டு வந்தாள். மறுநாட் காலை, யாருங் கேளாமலே, வகுப்புக்குள் நுழையும்போதே அதனைச் சொல்லிக்கொண்டு வந்தாளாம். அவள் தானாகப் பேச்சைத் தொடங்கி நாம் கேள்விப்பட்டது அதுவே முதற்றடவை.

பேத்தியின் பகுதியிலே ஒரு சிக்கல் எழுந்தது. முதியவர் ஒருவர், “எங்கடை கிணறு எந்தக் காலத்திலும் நல்ல தண்ணி” என்றார். அவருக்கு அடுத்த வளவிலுள்ளவரோ, பம்பி பூட்டிய நாள்முதல் இப்பகுதித் தண்ணீர் முழுவதும் சவர் என்று அடித்துச் சொன்னார். இரண்டு கிணற்றுக்கும் இடையே ஒரு வேலிதான். பிள்ளைகள் தமக்குள் வாதாடினர். ஒருத்தி, “ஆரோ ஒராள் பொய் சொல்லுறார்” என்றாள். இன்னொருத்தி, இருவரில் ஒருவரை விட்டுவிட்டாற் கட்டுரை அழகாக வரும் என்றாள். (பெரியவர்கள் எழுதும் வரலாறுகள் சிலவும் இவ்வாறுதான் அழகாக வருகின்றன.) பேத்திக்கு இருவரையும் தெரியும், இருவரையும் விட மனமில்லை. ஈற்றில் ஐவரும் கயிறும் கல்லுமாய்ப் புறப்பட்டுப்போய் இரு கிணற்றையும் அளந்தார்கள். நல்ல தண்ணீர்க் கிணறு நாலு பாகம். சவர்க் கிணறு ஆறரை. ஒரு கோடையிற் தண்ணீர் காணாமற்போக அதனைப் பின்னர் ஆழமாக்கினார்களென்று ஐந்தாம் பிள்ளையின் தகப்பனார் சொன்னார். அவரே அதற்குள் இறங்கியவர். ஆழமாக வெட்டினால் உவர்நீரை அணுகுவோம். அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலெழும். இது குடாநாட்டுக் கிணறுகளின் இயல்பு.

ஆகவே இரு முதியவரும் மெய்யே சொன்னார்கள். ஆயினும் பிள்ளைகள் அவ்வளவில் நின்றுவிடவில்லை. சவர்க் கிணற்றைக் கெடுத்தது பம்பியா, ஆழமா? விசாரித்தபோது இரண்டும் ஒரே வருடத்தில் நடந்தவையென்று தெரியவந்தது. அவர்களுடைய கட்டுரையில் இவ்விடத்திலுள்ள வசனத்தை அப்படியே தருகின்றோம்: ‘ஆழமாக்கியதும் பம்பி வைத்ததும் ஒரே காலத்தில் நடந்தபடியால் எது காரணம் என்று எங்களாற் சொல்ல முடியாது.’ அதன்கீழ் ஆசிரியை கோடிட்டிருந்தார். நாம் எழுதிக் கொடுத்த பதினாறு பக்கத்தில், ‘யந்திரங்களின் வருகையே நீரின் உவர்ப்புக்குக் காரணமாயிற்று’ என்று ஒரு வரி கம்பீரமாக நிற்கின்றது. அதனை எழுதுவதற்குமுன் நாம் ஒரு கிணற்றையேனும் எட்டிப் பார்க்கவில்லை.

கட்டுரையின் தமிழைப்பற்றிக் கேளாதீர்கள். இருபத்துமூன்று எழுத்துப்பிழைகள் எண்ணினோம். கை துறுதுறுத்தது. பேனாவை எடுத்துப்போய் அடுக்களையில் வைத்துவிட்டு வந்தோம்.

எல்லாம் இன்பமாய் முடிந்ததென்று நினைக்கவேண்டாம். உரப் பகுதியைப் பெற்ற பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. கேட்டபோதெல்லாம் நாளைக்கு என்றாள். சீட்டில் நிலாவரைக்கு அவள் பெயர் விழுந்தது, நின்று விழித்தாள், ஐவருக்கும் புள்ளி குறைந்தது. மறுபடியும் ஒரு சண்டை. அவள் வீட்டில் தாயார் வெளிநாடு போனபின் தம்பிமாரைக் குளிப்பாட்டிப் பாடசாலைக்கு அனுப்புவது அவள்தான் என்பது இச் சண்டையின்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியவந்தது. தெரிந்தவுடன் எல்லாரும் கட்டியணைத்துக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். அவ்வாறு நடக்கவில்லை. ஒருத்தி இன்னும் முகங்கொடுத்துக் கதைப்பதில்லை.

ஆயினும் முதற் கட்டுரையில் நால்வர் வேலை செய்யாதது எவர் கண்ணுக்கும் படவில்லை. இரண்டாவதில் ஒருத்தி செய்யாதது அன்றே தெரிந்தது. இவ்வேறுபாடு சிறிதன்று. கோயிற் தேர்வடம் பிடித்தவர்களுக்கு இது விளங்கும். வடத்திலே கை வைத்திருப்பவரெல்லாம் இழுப்பவரல்லர். மக்ஸ் றிங்கெல்மன் என்னும் பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் இதனை அளந்து 1913இல் வெளியிட்டார். எட்டுப்பேர் சேர்ந்திழுத்தபோது, ஒவ்வொருவருடைய பங்கும் அவர் தனியே இழுக்கும் வலுவில் ஏறத்தாழ அரைவாசியாகவே இருந்தது. இழுப்பு ஒருசேர விழாதது அதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணத்தை அமெரிக்க உளவியலாளர் பிப் லற்றனேயும் அவருடைய தோழரும் 1979இல் வெளியிட்டனர். கூட்டமாய்க் கைதட்டவும் கூவவும் சொன்னபோது, ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் தம் முயற்சியைக் குறைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரின் ஓசையும் தனித்தனியே அளக்கப்படுகின்றது என்று அறிந்தாலோ அச் சோர்வு நீங்கிற்று என்பதைப் பின்வந்த பரிசோதனை காட்டிற்று. குழு என்று பெயர் வைத்து ஐந்து பிள்ளைகளை ஒரு மேசையைச் சுற்றி இருத்திவிட்டால் ஒற்றுமை வந்துவிடும் என்று நம்புவோர் இவற்றைச் சற்றே சிந்திப்பார்களாக.

ஒஸ்டின் முறையையும் சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்லவரவில்லை. அங்கே சில வாரங்களின்பின் பிள்ளைகள் ஒருவரையொருவர் கூடுதலாக விரும்பினர். சிறுபான்மைப் பிள்ளைகளின் பரீட்சைப் பேறு உயர்ந்தது. வெள்ளைப் பிள்ளைகளின் பேறு குறையவில்லை. ஆனால் 2022இல் பிரான்சிய ஆய்வாளர் வெளியிட்ட ஐந்து பரிசோதனைகளின் முடிவில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கற்றற்பேற்றில் எதிர்பார்த்த உயர்வு காணப்படவில்லை. பாடத்தைத் துண்டாக்குவது எளிது. துண்டு ஒவ்வொன்றும் மற்றவருக்கு மெய்யாகவே வேண்டியதாக இருத்தல் அரிது போலும்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூரின் அனுபவமும் எமக்கு ஓர் ஆறுதல். நல்ல விரிவுரையாளரென்று பெயரெடுத்தவர். 1990ஆம் ஆண்டளவில், நியூட்டனின் விதிகளில் எளிய கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தபோது, தமது மாணவர் பலர் அவற்றை உண்மையில் விளங்கிக்கொள்ளவில்லையென்று கண்டார். ஒரு கேள்வியை இருமுறை விளக்கினார், முகங்கள் தெளியவில்லை. வேறு வழியின்றி, பக்கத்திலிருப்பவரோடு பேசிப்பாருங்கள் என்றார். மண்டபம் சந்தைபோலாயிற்று, சில நிமிடத்தில் விடையும் தெளிவாயிற்று. அண்மையில் விளங்கிக்கொண்டவனுக்கு, விளங்காதவன் எங்கே இடறுகின்றான் என்பது நினைவிருக்கும். நெடுங்காலத்துக்குமுன் விளங்கிக்கொண்ட பேராசிரியருக்கு அது மறந்துவிட்டது என்பது அவர் கண்ட காரணம். எம்மைப்போன்ற அம்மம்மாமாருக்கு இன்னும் எவ்வளவு மறந்திருக்கும்!

மட்டக்களப்புத் தாயாருக்கு இனிப் பதில் சொல்லவேண்டும். அம்மா, கோபிக்கவேண்டாம், பேச்சு எழுதி அனுப்பமாட்டோம். எழுதினாற் பரிசுகூடக் கிடைக்கலாம். அதுதான் எமக்குப் பயம். மகன் முழு ஒப்படையையும் தானே செய்வது உதாரகுணமன்று. மற்றப் பிள்ளையிடம் போய்க் கேட்பதைவிடச் செய்துவிடுவது அவனுக்கு இலகுவாயிருக்கின்றது. எமது பேத்திக்கும் அவ்வாறே இருந்தது. அவனுடைய ஆசிரியரைக் கண்டு, அவனுக்கு ஒரு பகுதிமட்டும் கொடுத்து, மற்றப் பகுதிகளை அவன் பிறரிடம் கேட்டறியும்படி வைக்கமுடியுமா என்று வினவிப் பாருங்கள். விருந்தினர் முன்னிலையில் இழுத்துவந்து நிறுத்தவேண்டாம். வீட்டில் அவனுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது ஏதேனும் இருக்கும். அதனை அவனிடம் கேளுங்கள். தெரியாததுபோல நடிக்கவேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எமக்கும் ஒன்று தெரியாது. உங்கள் வாவியில், கல்லடிப் பாலத்தடியில், நிலவு நாளில் மீன் பாடும் என்று சிறுவயது முதல் கேட்டுவருகின்றோம். இந்த வயதுவரை அங்கே வந்து இரவிலே காது கொடுத்துக் கேட்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டவில்லை. அந்த ஓசை எத்தகையது? எந்த நேரத்திற் கேட்கும்? வள்ளம் ஓட்டுபவர் என்ன சொல்கின்றனர்? கரையிலே குடியிருப்பவர் என்ன சொல்கின்றனர்? இரண்டும் ஒத்திருக்கின்றனவா? உங்கள் மகன் விசாரித்து எமக்கு ஒரு கடிதம் எழுதட்டும். தனியே போகாமல் ஒரு தோழனையும் கூட்டிக்கொண்டு போகட்டும். எழுத்துப்பிழையைப்பற்றிக் கவலை வேண்டாம். சிவப்புப் பேனா இப்பொழுதும் அடுக்களையிற்றான் இருக்கின்றது. கடிதம் வந்தால் வாசித்துக் காட்டச்சொல்லி எமது வீட்டுத் திண்ணையில் நாலைந்து பெண்பிள்ளைகள் காத்திருக்கின்றார்கள். அவர்களில் ஒருத்தி, மீன் எந்த ஆழத்திலிருந்து பாடுகின்றது என்று கட்டாயம் கேட்டு எழுதவேண்டுமாம், பாகத்தில்.